நால்வர் குழுவில் யார் யார் வேண்டும்? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களின் தீராத சந்தேகங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. புதிதாக ஆட வருகிறவர்கள், தங்கள் பாத்திரத்தின் திறன்களை எழுதிவைக்கும் பாத்திரத் தாளைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்பது, "மற்றவர்கள் என்ன எடுத்திருக்கிறார்கள்?" என்பதைத்தான். அதிலிருந்து கிளைக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லா மேசைகளிலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். பதில்களுக்கு அடிப்படை ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். 2024 திருத்தம் கணக்கை மாற்றுகிற இடங்களில் அதையும் சொல்கிறேன். டி.எம். என்பது டன்ஜன் மாஸ்டர், அதாவது உலகையும் எதிரிகளையும் நடத்துபவர்.

நாங்கள் நான்கு பேர். ஃபைட்டர் (போர்வீரர்), கிளெரிக் (பூசாரி), ரோக் (திருடர்), விசார்ட் (மந்திரவாதி) என்று பிரித்துக்கொண்டால்தான் சரியாக வருமா?

தேவையில்லை. அந்தப் பட்டியல் பழைய பதிப்புகளின் மிச்சம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக் என்று மூன்றே கிளாஸ்கள், அதாவது பாத்திர வகைகள், இருந்தன. அடுத்த ஆண்டு வந்த துணைத் தொகுப்பில் திருடன் சேர்ந்தான். அன்று காயம் ஆற்றுவது கிளெரிக்கின் வேலை, பூட்டும் பொறியும் திருடனின் வேலை. ஒருவர் இல்லாவிட்டால் அந்த வேலையே நடக்காது.

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூலில் 12 கிளாஸ்கள் உள்ளன, வேலைகளும் அவற்றுக்கிடையே பரவிக் கிடக்கின்றன. பார்ட் (பாடகர்), ட்ரூயிட் (இயற்கையை வழிபடுபவர்), பாலடின் (புனித வீரர்), ரேஞ்சர் (காட்டு வேட்டைக்காரர்) ஆகியோரும் காயம் ஆற்றுவார்கள். எனவே கிளாஸ் பெயர்களை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். விழுந்தவரை எழுப்ப யாரால் முடியும்? பறக்கிற எதிரியை யார் அடிப்பார்? சண்டையே இல்லாத ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் செய்ய ஏதாவது இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அதனால்தான் உருவாகிறார்.

கிளெரிக் எடுக்க எங்களில் யாருக்கும் மனமில்லை. எல்லோரும் செத்துவிடுவோமா?

மாட்டீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். முதல் லெவல் பாத்திரம் போடும் 'கியூர் வூண்ட்ஸ்' மந்திரம், 2014 விதிப்படி ஓர் 8 முகப் பகடையோடு திறன் மதிப்பையும் சேர்த்துத் தரும். திறன் மதிப்பு 3 என்றால் சராசரி 7.5 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளி. ஓகர் என்ற அரக்கனின் கதாயுத அடி ஒன்று சராசரியாக 13 எடுத்துக்கொண்டு போகும். 2024 திருத்தத்தில் மந்திரம் இரண்டு பகடையாகி, சராசரி 12 ஆனது. அப்போதும் ஓர் அடிக்கு ஈடில்லை. சண்டையின் நடுவே காயத்தை ஆற்றிக்கொண்டே தாக்குப்பிடிப்பது இந்த விளையாட்டில் நடக்கிற காரியமே இல்லை. எதிரியைச் சீக்கிரம் வீழ்த்துவதுதான் நல்ல மருத்துவம்.

உண்மையில் வேண்டியது, ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்குப் போனவரை எழுப்ப ஒரு வழி. பூஜ்யத்தில் கிடப்பவர் தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலை சீராகும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். இடையில் ஒரே ஒரு ஹிட் பாயின்ட் கிடைத்தாலும் எழுந்துவிடுவார். 'ஹீலிங் வேர்ட்' மந்திரம் 60 அடி தூரத்திலிருந்து, கூடுதல் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனாகவே அதைச் செய்கிறது. பார்டும் ட்ரூயிடும் அதைக் கற்கலாம். பாலடின் கை வைத்தால் போதும்.

இவர்களில் ஒருவரும் இல்லையென்றால் காசு இருக்கிறது. காயம் ஆற்றும் மருந்துக்குப்பி 50 தங்கக் காசு, இரண்டு 4 முகப் பகடையோடு 2 தரும். ஐந்து காசுக்குப் பத்து முறை பயன்படும் மருத்துவப் பை கிடைக்கும். அது எழுப்பாது, ஆனால் மரணத்தை நிறுத்தும். கிளெரிக் இல்லாத குழு முதல் கொள்ளையிலேயே மருந்துக்குப்பிகள் வாங்கி, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் குப்பிகளையும் ஒருவர் பையில் போட்டால், முதலில் விழுவது அவராகத்தான் இருக்கும்.

நான்தான் டேங்க், அதாவது மற்றவர்களுக்காக முன்னால் நின்று அடி வாங்கும் ஆள். எதிரி என்னை மட்டும் அடிக்க வைப்பது எப்படி?

கணினி விளையாட்டுகளிலிருந்து வருகிறவர்களின் கேள்வி இது. அங்கே எதிரியின் கோபத்தை ஒரு பொத்தானால் உங்கள் பக்கம் இழுக்கலாம். இங்கே எதிரியின் மூளை டி.எம்.மின் மூளை. இரும்புக் கவசத்தைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் அங்கியோடு நிற்கும் விசார்டை அடிக்க அதற்குத் தெரியும்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு மட்டும் இதை வெளிப்படையாக விதியாக்கியது. ஒவ்வொரு கிளாஸுக்கும் டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர் என்று ஒரு பொறுப்பை அச்சிட்டே தந்தார்கள். டிஃபெண்டர் குறிவைத்த எதிரி வேறு யாரையாவது தாக்கினால் அதன் பகடையில் 2 குறையும். ஐந்தாம் பதிப்பு அந்தப் பெயர்களைக் கைவிட்டது.

இப்போது உங்களிடம் இருப்பது இடம். ஐந்தடி வாசலில் நீங்கள் நின்றால் அதுவே சுவர். உங்கள் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகும் எதிரியை எதிர்வினையாக ஓர் அடி அடிக்கலாம், ஆனால் ஒரு சுற்றுக்கு ஓர் எதிர்வினைதான். மூன்று பேர் ஓடினால் இருவர் தப்புவார்கள். 'சென்டினல்' ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) எடுத்தால் அப்படி அடி வாங்கியவர் அங்கேயே நின்றுவிடுவார். எதிரியைத் தன்னோடு மோதவைக்கும் பாலடினின் 'கம்பெல்ட் டூயல்' மந்திரமும் உண்டு. இவை எதுவும் இல்லாவிட்டாலும், வலுவாக அடிக்கிற ஒருவரைப் புறக்கணிக்க எந்த எதிரியும் தயங்கும். கவசத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு அடியே இல்லாத பாத்திரம்தான் டேங்க்கில் மிக மோசமான வகை.

ரோக் இல்லாமல் பூட்டையும் பொறியையும் என்ன செய்வது?

திருடர் கருவிகளின் விலை 25 தங்கக் காசு. குற்றவாளிப் பின்னணியை எடுத்தால் எந்தக் கிளாஸுக்கும் அவற்றில் தேர்ச்சி கிடைத்துவிடும். 'நாக்' மந்திரம் பூட்டைத் திறக்கும், ஆனால் அந்தத் தட்டல் சத்தம் 300 அடி வரை கேட்கும். கோடரியும் திறக்கும். பொறிகளுக்குப் பத்தடிக் கம்பு இன்றைக்கும் விலைப் பட்டியலில் இருக்கிறது.

நாங்கள் இரண்டு பேர்தான். டி.எம். தயார். ஆட முடியுமா?

தாராளமாக. இரண்டு பேர் ஆட்டத்தில் கதை வேகமாக நகரும், பேச்சும் ஆழமாகப் போகும். எனக்கு மிகவும் பிடித்த அளவுகளில் ஒன்று இது. சண்டைதான் சிக்கல். இந்த விளையாட்டில் ஒரு சுற்றில் எந்தப் பக்கம் அதிக முறை செயல்படுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். ஆறு காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) எதிரே நின்றால் நீங்கள் இரண்டு முறை அடிப்பதற்குள் அவை ஆறு முறை அடித்துவிடும். 2014 டி.எம். வழிகாட்டியே, மூன்று பேருக்குக் குறைவான குழு என்றால் சண்டையின் கடினத்தை ஒரு படி கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் 2020-இல் வந்த கூடுதல் விதிகளில் 'சைட்கிக்' உண்டு: போர்வீரர், மந்திரக்காரர், வல்லுநர் என்று மூன்று எளிய வகைகள். முழுப் பாத்திரத்தைவிடக் குறைந்த பக்கங்கள், குறைந்த தலைவலி. ஒரு சைட்கிக்கை டி.எம். கையில் கொடுக்காதீர்கள், ஆடுகிறவர் ஒருவரே நடத்தட்டும். டி.எம். தன்னோடு தானே பேசிக்கொள்ளும் காட்சியை யாரும் ரசிப்பதில்லை. பாத்திரங்களைப் பொறுத்தவரை, இருவரில் ஒருவராவது 'ஹீலிங் வேர்ட்' வகையறாவை வைத்திருப்பது இங்கே கிட்டத்தட்டக் கட்டாயம். ஒருவர் விழுந்தால் பாதிக் குழுவே போய்விடுகிறது அல்லவா?

ஏழு பேர் வந்துவிட்டார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும், அடுத்த முறை வர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். அதற்குமேல் டி.எம். எதிரிகளையும் நடத்த வேண்டும். இரண்டு மேசையாகப் பிரியுங்கள். பிரிக்கவே முடியாது என்றால், மிருகங்களையும் ஆவிகளையும் கூட்டமாக வரவழைக்கும் மந்திரங்களை இந்தக் குழுவில் தவிர்க்கச் சொல்லுங்கள்.

இருவர் ஒரே கிளாஸ் எடுத்தால் ஒருவருக்கு வேலையில்லாமல் போகுமா?

கிளாஸ் ஒன்றாக இருப்பதால் போகாது, திறமை ஒன்றாக இருந்தால் போகும். வாளோடு முன்வரிசையில் ஒரு ஃபைட்டரும், வில்லோடு நூறடி பின்னால் ஒரு ஃபைட்டரும் இருந்தால் யாரும் யாரையும் மறைப்பதில்லை. ஆனால் ஒரு பார்டும் ஒரு சோர்சரரும் (பிறவி மந்திரக்காரர்) இருவருமே பேச்சில் வல்லவர்களாக இருந்தால், ஒவ்வொரு காவலாளியிடமும் யார் பேசுவது என்று மௌனப் போட்டி நடக்கும். பாத்திரம் உருவாக்கும்போதே "நான் ஏமாற்றுகிறேன், நீ மிரட்டு" என்று பிரித்துக்கொண்டால் முடிந்தது.

சரி, நால்வருமே விசார்ட் என்றால்?

ஐந்தாம் லெவலுக்குப் பிறகு அட்டகாசம், அதற்கு முன்னால் உயிர்ப் போராட்டம். முதல் லெவல் விசார்டுக்கு, உடல் உறுதி 14 என்றால், 8 ஹிட் பாயின்ட். ஒரு காப்ளின் 6 முகப் பகடையில் உச்ச எண் போட்டால் அதன் அடியும் சரியாக 8. ஒரே கத்திவெட்டில் ஆள் தரையில். ஐந்தாம் லெவலில் நால்வரும் 'ஃபயர்பால்' வீசும் நாளில் ஆளுக்கு எட்டுப் பகடை உருளும், எதிர்த் தரப்பில் பேச ஆளிருக்காது. இருபதடி ஆரமுள்ள அந்தத் தீ நண்பரையும் சுடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இப்படிப்பட்ட குழுவுக்கு மந்திரங்களைப் பங்கிடுவதுதான் குழு அமைப்பு. பல நல்ல மந்திரங்களுக்கு இடைவிடாத கவனம் தேவை, ஒருவர் ஒரு நேரத்தில் அப்படி ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும். நான்கு பேர் என்றால் நான்கு கவனங்கள். ஒருவர் வேகம் கூட்ட, ஒருவர் வலை விரிக்க, ஒருவர் மறைக்க, ஒருவர் பறக்கவைக்க என்று பிரித்தால் கலவையான குழுக்களே பொறாமைப்படும். எழுப்புவதற்கு மேலே சொன்ன மருந்துக்குப்பிகள்தான் வழி.

இரும்புக் கவசம் போட்டவர் ஒருவர் இருப்பதால் நாங்கள் ஒருமுறைகூட ஒளிந்து போக முடியவில்லை.

ஒவ்வொருவரும் தனித்தனியே உருட்டி, ஒருவர் தவறினாலும் எல்லோரும் மாட்டுவது என்று உங்கள் டி.எம். நடத்துகிறார் போலிருக்கிறது. விதிநூலில் குழுச் சோதனை என்று ஒன்று உண்டு. எல்லோரும் உருட்ட வேண்டும், பாதிப் பேராவது ஜெயித்தால் குழுவே ஜெயித்ததாகக் கொள்ள வேண்டும். அதை நினைவூட்டுங்கள். ட்ரூயிட் அல்லது ரேஞ்சர் இருந்தால் 'பாஸ் விதவுட் டிரேஸ்' மந்திரம் எல்லோருடைய ஒளிதலுக்கும் 10 கூட்டும். தகரப் பெட்டிபோல வருகிறவரும் நிழலாகிவிடுவார்.

வார்லாக் (வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர்) ஒரு மணி நேரம் ஓய்வெடுக்கலாம் என்கிறார், விசார்ட் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் தங்கள் பைக்கு ஏற்பப் பேசுகிறார்கள். ஐந்தாம் லெவலில் விசார்டுக்கு ஒன்பது மந்திர ஸ்லாட்டுகள் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) இருக்கும், அவை முழுதாகத் திரும்ப எட்டு மணி நேர நீண்ட ஓய்வு வேண்டும். வார்லாக்குக்கு இரண்டே ஸ்லாட்டுகள், ஆனால் இரண்டும் மூன்றாம் படி, ஒரு மணி நேரச் சிறு ஓய்விலேயே திரும்பிவிடும். ஒரு நாளில் இரண்டு சிறு ஓய்வு கிடைத்தால் ஆறு பெரிய மந்திரங்கள். ஓய்வே இல்லையென்றால் இரண்டு போட்டுவிட்டு நாள் முழுக்க ஒரே ஒளிக்கற்றையை வீசிக்கொண்டிருக்க வேண்டும். ஃபைட்டரும் மாங்க்கும் (துறவி வீரர்) வார்லாக்கின் கட்சி.

குழு அமைப்பில் யாரும் பேசாத, ஆனால் பேச வேண்டிய பொருத்தம் இதுதான். 2014 வழிகாட்டி, கதையில் கழியும் ஒரு நாளுக்கு ஆறு முதல் எட்டுச் சண்டைகளும், இடையே இரண்டு சிறு ஓய்வுகளும் இருக்கும் என்று எண்ணிக் கணக்குப் போட்டது. நடைமுறையில் பல மேசைகளில் நாளுக்கு ஒரு சண்டைதான் நடக்கிறது. அப்படிப்பட்ட மேசையில் விசார்டும் பாலடினும் வைத்திருப்பதையெல்லாம் ஒரே சண்டையில் கொட்டி மின்னுவார்கள், வார்லாக் மங்கிப்போவார். ஆகவே கிளாஸ் எடுப்பதற்கு முன்பே டி.எம்.மிடம் "ஒரு நாளில் எத்தனை சண்டை வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டதென்றால் விசார்ட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை, நாளுக்கு ஒருமுறை சில ஸ்லாட்டுகளை மீட்டுக்கொள்ளும் வசதியே சிறு ஓய்வில்தான் அவருக்கும் வேலை செய்கிறது.

ஆடும் பாணி என்று சொல்கிறார்களே, அது பாத்திரத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா?

ஆளைப் பற்றியது. 2014 டி.எம். வழிகாட்டி, ஆட வருகிறவர்கள் எதை ரசிக்கிறார்கள் என்று ஏழு வகை சொல்கிறது: நடிப்பது, உலகத்தைச் சுற்றிப் பார்ப்பது, எதையாவது கிளறிவிட்டு வேடிக்கை பார்ப்பது, சண்டை, பாத்திரத்தை மேலும் மேலும் வலுவாக்குவது, புதிர் விடுவிப்பது, கதை. யாரும் முழுக்க ஒரே வகையாக இருப்பதில்லை. ஆனால் நள்ளிரவு நெருங்கி, டி.எம். "இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்கும்போது ஒருவர் சொல்லும் முதல் பதிலில் அவருடைய வகை தெரிந்துவிடும்.

கிளாஸ் பொருத்தமில்லாததை மருந்தாலும் காசாலும் டி.எம்.மின் தயவாலும் சரிக்கட்டலாம் என்று மேலே பார்த்தோம். ரசனை பொருந்தாததற்கு அப்படிக் கடையில் மருந்து கிடையாது. கதவுக்கு முன் நின்று நாற்பது நிமிடம் திட்டமிடுகிறவரும், அந்தக் கதவை உதைத்துத் திறக்கத் துடிக்கிறவரும் ஒரே குழுவில் இருந்தால், எந்தக் கிளாஸ் கலவையும் காப்பாற்றாது. முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு மாலை கூடி, எவ்வளவு சண்டை, எவ்வளவு பேச்சு, எந்த விஷயங்கள் மேசைக்கு வரவே கூடாது என்று பேசிக்கொள்வதைச் செஷன் ஜீரோ என்பார்கள். திட்டத்துக்கு மணல் கடிகாரம் வைத்துப் பத்து நிமிடம் என்று அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒருவர் பாத்திரத்தைக் கணக்குப் போட்டுச் செதுக்கி வருகிறார். எங்கள் அடி அவருடையதில் பாதிகூட இல்லை.

கணக்குப் போடுவது அவருடைய ரசனை, முந்தைய பதிலில் சொன்ன ஏழில் ஒன்று. அதைக் குற்றமாக்காதீர்கள். அந்த மூளையை உங்கள் பக்கம் திருப்புங்கள். "என் பாத்திரத்துக்கு அடுத்த லெவலில் என்ன எடுக்கலாம்?" என்று கேட்டால் மகிழ்ந்துபோய் உட்கார்ந்து சொல்லித் தருவார், பெரும்பாலும் தேவைக்கு அதிகமாகவே.

அவரிடமும் ஒன்று கேட்கலாம். சேதத்தைக் கூட்டுவதற்குப் பதில் மற்றவர்களைத் தூக்கிவிடும் கிளாஸைச் செதுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 'பிளெஸ்' மந்திரம் மூன்று பேரின் தாக்குதலிலும் தற்காப்பிலும் ஒரு 4 முகப் பகடையைச் சேர்க்கிறது. ஆறாம் லெவல் பாலடின் அருகே பத்தடிக்குள் நிற்பவர்களின் தற்காப்பு உருட்டல்கள் எல்லாம் உயர்கின்றன. ரோக்கின் 'ஸ்னீக் அட்டாக்' என்ற கூடுதல் அடி வேலை செய்ய, எதிரிக்கு ஐந்தடிக்குள் ஒரு நண்பர் நின்றால் போதும். இவற்றில் செதுக்கப்பட்ட பாத்திரம் எவ்வளவு வலுவானாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவர் ஜெயிக்கும்போதெல்லாம் பகடை உங்கள் கையில் இருக்கும்.

எங்கள் ரோக் குழுவினரிடமே திருடுகிறார். கேட்டால் "என் பாத்திரம் அப்படித்தான் செய்யும்" என்கிறார்.

அந்தப் பாத்திரத்தை எழுதியது யார்? அவர்தானே. பேராசை பிடித்த திருடனுக்கும் கூட்டாளிகளைத் தொடாத காரணம் ஒன்றை எழுத முடியும்: முன்பு ஒரு கும்பலைக் காட்டிக்கொடுத்து விரல் இழந்தவன், இவர்களில் ஒருவர் தன் தங்கையைக் காப்பாற்றியதால் கடன்பட்டவன், இப்படி எத்தனையோ. தனியாகவே திரிவேன் என்று மூலையில் உட்காரும் பாத்திரங்களுக்கும் இதே பதில். எவ்வளவு இருண்டவராக வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த நால்வரோடு ஏன் நடக்கிறார் என்பதற்குப் பாத்திரத் தாளில் ஒரு வரி இருக்க வேண்டும்.

குழுவுக்குள் சச்சரவே கூடாது என்பதில்லை. சில மேசைகளில் அதுதான் சுவையே. ஒருவர் மற்றவர் மீது ஏதாவது செய்தால், அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லக் கூடாது, பாதிக்கப்படுகிறவர் சொல்லட்டும். பையில் கை விடப்பட்டவர் "பிடித்துவிட்டேன்" என்றால் பிடித்ததுதான். இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டும் திருடுகிறவர் நடிப்பை ரசிக்கிறவர். ஏற்க மறுக்கிறவருக்கு வேண்டியது வேறு, அதை மேசைக்கு வெளியே நேரில் பேசுங்கள்.

என் பாத்திரம் யாரையும் கொல்லாது. இது குழுவுக்குப் பாரமா?

"நான் கொல்ல மாட்டேன்" என்பது பாரமில்லை, "நீங்களும் கொல்லக் கூடாது" என்பது பாரம். கைக்கெட்டும் தாக்குதலால் எதிரியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும்போது, கொல்லாமல் மயக்கமடையச் செய்வதாக அறிவிக்க விதியே அனுமதிக்கிறது. தூங்கவைப்பது, கட்டிப்போடுவது, பயமுறுத்தி ஓடவைப்பது என்று மந்திரங்களும் ஏராளம். ஆனால் பிடித்த கைதிகளை என்ன செய்வது என்ற விவாதம் ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் ஓடும். அதை ரசிக்கிற மேசையா என்று செஷன் ஜீரோவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளெரிக் இறந்துவிட்டார். அதை ஆடியவர் இப்போது பார்பேரியன் எடுக்க ஆசைப்படுகிறார். தடுக்கலாமா?

தடுக்காதீர்கள். ஓராண்டு எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தவர் இனியாவது கோடரியைச் சுழற்றட்டும். இறந்தவரை மீட்கும் 'ரிவிவிஃபை' மந்திரத்துக்கு 300 தங்கக் காசு பெறுமான வைரம் வேண்டும், இறந்து ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும், பெரும்பாலும் அதைப் போடுகிறவரே கிளெரிக்தான். அவர் இறந்தால் திரும்பாதது வியப்பில்லை.

மீதமுள்ளவர்கள் அடுத்த லெவலில் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கலாம். ரேஞ்சர் ஒரு காயம் ஆற்றும் மந்திரம் கற்கட்டும், ஒருவர் ஹீலர் ஃபீட் பற்றி யோசிக்கட்டும், மருந்துக்குப்பிகள் மறுபடி ஆளுக்கொன்று.

வேறு விளையாட்டுகளிலும் இந்தக் கணக்குதானா?

இல்லை. 1981-இல் வந்த திகில் விளையாட்டான 'கால் ஆஃப் கதுலு'வில் கிளாஸே கிடையாது, தொழில்கள்தான். பேராசிரியர், பத்திரிகையாளர், மருத்துவர் என்று வருவார்கள். அங்கே எதிரியோடு மோதுவது பெரும்பாலும் தோற்கும் வழி, எனவே டேங்க் என்ற பேச்சே எழாது. நூலகத்தில் தேடத் தெரிந்தவர் இருவர், பேசத் தெரிந்தவர் ஒருவர், கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் என்றால் அது வலுவான குழு. கார் ஓட்டுபவரை எல்லோரும் மறப்பார்கள், தப்பியோடும் காட்சி வரும் வரை.

'பிளேட்ஸ் இன் தி டார்க்' விளையாட்டில் திருட்டுக் கும்பலுக்கே தனியாக ஒரு தாள் உண்டு. கொலைகாரர்களா, கடத்தல்காரர்களா, ஒரு வழிபாட்டுக் கூட்டமா என்று முதலில் கும்பலைச் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் அந்த வரிசையைக் கடன் வாங்கலாம். "நாம் யார், ஏன் சேர்ந்திருக்கிறோம்?" என்று பத்து நிமிடம் பேசிவிட்டுப் பாத்திரத் தாள்களை விநியோகியுங்கள், கிளாஸ் தேர்வு அதற்குப் பிறகு நடக்கட்டும்.